மாதத்துக்கு 30 நாள், பெட்டிக்குள் 28 குளிசை

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. லண்டனில் ஹரோப் பக்கம் உங்களோடு இருக்கிறா. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்குமாக நாலு வகைக் குளிசை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி மறக்காமல் சேர்ஜரியில், அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக்கில், மருந்துச் சீட்டைக் கொடுத்துவிடுகிறா. அப்படியிருந்தும் போன மாதம் மூன்று நாள் குளிசை இல்லாமல் இருந்திருக்கிறா. சேர்ஜரியில் கேட்டால் "பார்மசிக்கு அனுப்பியாச்சு" என்கிறார்கள், பார்மசியில் கேட்டால் "எங்களுக்கு வரவில்லை" என்கிறார்கள். உங்களுக்குத் தைரொயிட் குளிசை, ஒவ்வொரு முறையும் காசு கட்டி எடுக்கிறீர்கள். அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் ஓடர் பண்ணலாமா, இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போகும்போது மருந்துக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கிலாந்தில் பார்மசி கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருடம் வேலை செய்கிறவன். அம்மா மறதியால் அந்த மூன்று நாளை இழக்கவில்லை. ஒழுங்காக முதலாம் திகதி கொடுத்ததால்தான் இழந்திருக்கிறா. எப்படி என்று சொல்கிறேன்.

வீட்டில் உள்ள அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு அட்டையில் 14, இரண்டு அட்டை, மொத்தம் 28. ஊரில் பத்துப் பத்தாக வெட்டித் தருவார்களே, அந்தக் கணக்கு இங்கே இல்லை. இங்கே பெட்டி கிழமைக் கணக்கில் வருகிறது, நாலு கிழமைக்கு 28. மாதமோ 30 நாள், 31 நாள். வருடத்துக்கு 12 முறை எடுத்தால் 336 நாளுக்குத்தான் குளிசை இருக்கும். மிச்சம் 29 நாள் வெறும் கையோடு. பெப்ரவரி ஒன்றில்தான் கணக்குச் சரியாக வரும். ஆரம்பத்தில் வீட்டில் கொஞ்சம் மிச்சம் கிடந்திருக்கும், அது மாதாமாதம் இரண்டு மூன்று நாளாகக் கரைந்துபோயிருக்கும். ஒரு நாள் முற்றாக முடிந்தபோதுதான் உங்களுக்குத் தெரிய வந்திருக்கிறது. அதனால்தான் "இவ்வளவு காலமும் சரியாக வந்ததே, இப்ப மட்டும் ஏன்" என்று கனபேர் எங்களிடம் கேட்பார்கள்.

எனவே திகதியை விட்டுவிடுங்கள், கிழமையைப் பிடியுங்கள். 28 நாள் என்றால் எப்போதும் அதே கிழமைதான் திரும்பி வரும். அம்மா செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டி உடைத்தால் நாலு கிழமை கழித்து வருகிற செவ்வாயும் புதுப் பெட்டி உடைக்கிற நாள்தான். அதற்கு முந்திய செவ்வாய், அதாவது கையில் ஏழு நாள் குளிசை இருக்கும்போது, ஓடர் கொடுக்கிற நாள். சமையலறைக் கலண்டரில் நாலு கிழமைக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டால் போதும், வருடத்துக்கு 13 வட்டம் வரும். சில சேர்ஜரிகள் 56 நாளுக்குத் தரும். அப்படியென்றால் எட்டுக் கிழமைக்கு ஒன்று. வெள்ளிக்கிழமையை மட்டும் ஓடர் நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். சேர்ஜரி சொல்கிற "48 மணி நேரம்" என்பது இரண்டு வேலைநாள். வெள்ளி பின்னேரம் கொடுத்தால் எண்ணிக்கை திங்களில்தான் தொடங்கும். ஈஸ்டர் என்றால் வெள்ளியும் திங்களும் லீவு, நாலு நாள் ஒன்றும் அசையாது. கிறிஸ்மஸ் காலமும் அப்படித்தான். அந்த நேரங்களில் மட்டும் ஒரு கிழமை முந்திக் கொடுங்கள், காரணத்தையும் எழுதிவிடுங்கள்.

இனி "அனுப்பியாச்சு", "வரவில்லை" என்ற இழுபறிக்கு வருவோம். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். சேர்ஜரியும் பார்மசியும் வேறு வேறு இடம், வேறு வேறு முதலாளி. நீங்கள் கேட்டவுடன் அது சேர்ஜரியின் வரிசைக்குப் போகிறது. டொக்டரோ அங்கே வேலை செய்கிற மருந்தாளரோ பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த 48 மணி நேரம் இதற்கு மட்டும்தான். கையெழுத்து விழுந்ததும் சீட்டு மின்னணு முறையில் என்.எச்.எஸ்., அதாவது இங்கத்தைய அரச சுகாதார சேவையின் மத்திய கணினிக்குப் போகும். அதை நாங்கள் 'ஸ்பைன்' என்போம். அங்கிருந்து, நீங்கள் பெயர் கொடுத்து வைத்திருக்கிற பார்மசி அதை இறக்கிக்கொள்ளும். பிறகுதான் பார்மசியின் வேலை: இல்லாத மருந்தை மொத்த வியாபாரியிடம் எடுப்பிப்பது, லேபல் அடிப்பது, இன்னொருவர் சரிபார்ப்பது, பையில் போடுவது. அதற்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் எடுக்கலாம். ஆகவே ஓடர் கொடுத்து மூன்றாம் நாளே பார்மசிக்கு ஓடி வராதீர்கள். குளிரில் வந்து வெறும் கையோடு திரும்புகிற வயதானவர்களைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. வெளிக்கிடமுன் ஒரு போன் அடியுங்கள், அல்லது மருந்து தயார் என்று மெசேஜ் அனுப்பச் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள்.

மூன்று நாலு வேலைநாள் கழிந்தும் வரவில்லை என்றால் சேர்ஜரியில் "அனுப்பினீர்களா" என்று கேட்க வேண்டாம், ஆம் என்றுதான் சொல்வார்கள். "எந்தப் பார்மசிக்கு, எந்தத் திகதி அனுப்பினீர்கள், நாலும் போனதா?" என்று கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே வெளிக்கும். வீடு மாறியிருப்பீர்கள், ஆனால் பழைய இடத்துப் பார்மசிதான் இன்னும் பதிவில் இருக்கும். அல்லது எப்போதோ ஒருமுறை இணையப் பார்மசி ஒன்றில் பதிந்திருப்பீர்கள், அதன் பிறகு எல்லாமே அங்கே போகும். பார்மசியை மாற்றுவது சுலபம். நீங்கள் விரும்புகிற பார்மசியில் சொன்னால் அவர்களே மாற்றிவிடுவார்கள், என்.எச்.எஸ். ஆப்பிலும் மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே போய்விட்ட சீட்டு அதனோடு சேர்ந்து மாறாது. அதற்குப் பழைய பார்மசிக்குப் போன் அடித்து, "சீட்டை ஸ்பைனுக்குத் திருப்பி விடுங்கள்" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வசனத்தை மனதில் வைத்திருங்கள். ஒரு பார்மசியில் மருந்து தட்டுப்பாடு என்றாலும் இதே வசனம்தான். அவர்கள் திருப்பி விட்டால் அடுத்த தெருவில் உள்ள பார்மசி எடுத்துக்கொள்ளும், டொக்டரிடம் திரும்பப் போகத் தேவையில்லை.

"நாலும் போனதா" என்று கேட்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மூன்று வந்து ஒன்று வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. அம்மாவின் சீட்டின் வலப்பக்கத்தை, கிழித்து வைத்துக்கொள்கிற அந்தத் துண்டை, ஒருமுறை வடிவாக வாசித்துப் பாருங்கள். மருந்தின் பெயர், பலம், எத்தனை குளிசை, எப்படி எடுப்பது, பக்கத்தில் குறி போட ஒரு சின்னப் பெட்டி. இவற்றுக்குக் கீழோ பக்கத்திலோ 'ரிவியூ' என்று ஒரு திகதி கிடக்கும். கனபேருடைய கண் அதில் படுவதே இல்லை. ரிப்பீற், அதாவது ஒவ்வொரு முறையும் டொக்டரைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப எடுக்கிற சீட்டு, ஆயுள் முழுவதற்குமான அனுமதி இல்லை. டொக்டர் இத்தனை முறை, அல்லது இந்தத் திகதி வரை என்றுதான் அனுமதிக்கிறார். அது முடிந்தால் ரத்தம் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த சுற்று. சுகருக்கு மெட்ஃபோர்மினும் பிரஷருக்கு ராமிப்ரிலும் எடுக்கிறவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். உங்கள் தைரொயிட்டுக்கும் வருடாந்த ரத்தப் பரிசோதனை உண்டு. "மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அலைக்கழிக்கிறார்கள்" என்று கோபப்படுவதை விட, அந்தத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே அப்பொயின்ற்மென்ற் எடுத்து ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு இங்கிலீஷ் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். காசில்லாமல் ஒழுங்கு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. உடம்பு விஷயத்தை மகள் ஊடாகச் சொல்லத் தயங்குகிற அம்மாமார் இருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்கிய மருந்து பல நேரம் ரிப்பீற் பட்டியலில் இருக்காது. முதல் ஒரு மாதம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத் தனிச் சீட்டாகத் தருவார்கள். ஒத்துக்கொண்டால் "இதை ரிப்பீற்றில் சேருங்கள்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மாற்றிய மருந்தும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக் கடிதம் சேர்ஜரிக்குப் போய், யாராவது வாசித்து, பட்டியலைத் திருத்தும் வரை பழைய மருந்தே வந்துகொண்டிருக்கும். ஆஸ்பத்திரி தந்த கடிதத்தின் பிரதியைச் சேர்ஜரிக்கும் பார்மசிக்கும் நீங்களே கையோடு கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்காக நீங்கள் தாராளமாக ஓடர் பண்ணலாம். சேர்ஜரியில் 'புரொக்ஸி அக்சஸ்' என்று கேட்டால் ஒரு படிவம் தருவார்கள். அம்மாவின் சம்மதம் வேண்டும், இருவருடைய அடையாளமும் காட்ட வேண்டும். அது கிடைத்தால் உங்கள் போனில் உள்ள என்.எச்.எஸ். ஆப்பிலேயே அம்மாவின் பக்கத்துக்கு மாறி, எந்த மருந்து வேண்டுமோ அதற்கு மட்டும் குறி போட்டு அனுப்பலாம். அம்மாவின் பெயரில் கள்ளமாக ஒரு கணக்குத் திறந்து பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், முறையான வழி இவ்வளவு சுலபமாக இருக்கும்போது. ஆப் விருப்பமில்லாதவர்களுக்குப் பழைய முறை இன்னும் இருக்கிறது: துண்டில் குறி போட்டு சேர்ஜரி வாசல் பெட்டியில் போடுவது. போனில் ஓடர் எடுப்பதைப் பல சேர்ஜரிகள் நிறுத்திவிட்டன. பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிக் கேட்டுப் பிழையான மருந்து போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் கண் தெரியாத, நடக்க ஏலாத ஒருவருக்கு அவர்கள் வேறு வழி செய்து கொடுக்கத்தான் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் மருந்து நீண்ட காலமாக மாறவில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. டொக்டர் ஒரே தடவையில் ஒரு வருடம் வரைக்குமான சீட்டுகளைக் கையெழுத்திட்டு ஸ்பைனில் வைத்துவிடலாம். 'ரிப்பீற் டிஸ்பென்சிங்' என்பார்கள். நாலு கிழமைக்கு ஒருமுறை ஒன்று தானாகத் திறந்து பார்மசிக்கு வரும். நீங்கள் சேர்ஜரிக்கு ஓடர் கொடுக்கவே தேவையில்லை. உங்கள் அம்மா போன்றவர்களுக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம், இவ்வளவு குறைவான பேர் கேட்பது எனக்குக் கவலை. நாலு குளிசையும் வெவ்வேறு நாளில் முடிகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே ஒருமுறை சிலதைக் குறைத்துக் கொடுத்து எல்லாம் ஒரே நாளில் முடியச் செய்துவிடுவார்கள்.

குளிசை முடிந்தே விட்டது, சனிக்கிழமை, சேர்ஜரி பூட்டு. என்ன செய்வது? அம்மா மூன்று நாள் சும்மா இருந்ததுதான் உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது. இருந்திருக்கத் தேவையே இல்லை. என்.எச்.எஸ்.ஸின் உதவி நம்பரான 111க்கு அடித்தோ அவர்களுடைய இணையத்தளத்திலோ ரிப்பீற் மருந்து முடிந்துவிட்டது என்று சொன்னால், திறந்திருக்கிற ஒரு பார்மசிக்கு அனுப்பி வைப்பார்கள். சீட்டு இல்லாமலே அவசரத்துக்கு மருந்து கொடுக்கப் பார்மசிஸ்டுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் விசாரித்து, பதிவைப் பார்த்து, திருப்திப்பட்டால் கொடுப்பார். பழைய பெட்டியையோ சீட்டுத் துண்டையோ கொண்டு போங்கள். வலிப்புக்கான ஃபெனோபாபிட்டோன் நீங்கலாக, டிரமடோல், பிரிகாபலின், கபாபென்டின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை மட்டும் இந்த வழியில் எடுக்க ஏலாது. அவற்றை முடியவிடாமல் பார்ப்பதுதான் வழி. பக்கத்து வீட்டு அன்ரியும் அதே பிரஷர் குளிசைதான் எடுக்கிறா என்று கடன் வாங்க வேண்டாம். அவவுடையது 10 மில்லிகிராமாக இருக்கும், அம்மாவுடையது 5 ஆக இருக்கும். பெட்டியில் அந்த எண் எவ்வளவு சிறிய எழுத்து என்று பாருங்கள்.

மருந்து எடுக்கப் போகும்போது ஒரு விஷயம், இது எங்கள் ஆட்களுக்கே உரியது. பைகள் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி தட்டில் அடுக்கப்படும். எங்களுக்கோ அப்பாவின் பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். அம்மா தன் பெயரைச் சொல்லுவா, கவுண்டரில் நிற்கிற பிள்ளை அந்த எழுத்தில் தேடிவிட்டு "இல்லை" என்று சொல்லிவிடும். பை அடுத்த தட்டில் அப்பாவின் பெயரில் இருக்கும். சீட்டில் உள்ள பெயரை அப்படியே காட்டுங்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். முகவரியும் பிறந்த திகதியும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், பத்து வருடம் பழகினாலும் கேட்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தெருவில் இருப்பது எங்கள் பகுதிகளில் புதினம் இல்லை. நீங்களோ தம்பியோ யாரும் போய் எடுக்கலாம், கட்டுப்பாட்டு மருந்து என்றால் அடையாள அட்டை கேட்கக்கூடும்.

வாசலைத் தாண்டமுன் பையைத் திறந்து பாருங்கள். நாலு வகையும் இருக்கிறதா? ஒன்று குறைந்து ஒரு சின்னத் துண்டு இருந்தால் மிச்சம் பிறகு தருவார்கள் என்று அர்த்தம், அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். பெட்டியின் நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், கொம்பனி மாறியிருக்கும். லேபலில் உள்ள மருந்தின் பெயரையும் பலத்தையும் மட்டும் பாருங்கள். இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு ஐயா பிஸ்கற் டின் ஒன்றைக் கொண்டு வந்து என் முன்னால் கவிழ்த்தார். உள்ளே எங்களுடைய மெட்ஃபோர்மின் பெட்டி, பக்கத்தில் ஊரிலிருந்து வந்தவர் கொடுத்த குளுக்கோஃபேஜ். இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே மருந்து, முன்னது மருந்தின் பெயர், பின்னது கொம்பனி வைத்த பெயர். அம்மாவிடம் ஊர் மருந்து ஏதும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பார்மசிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். யாரும் ஏச மாட்டார்கள். தேவையில்லாத மருந்துக்குக் குறி போட்டுச் சேர்க்கவும் வேண்டாம். வாசலைத் தாண்டிய மருந்து திறக்காமலே திரும்பி வந்தாலும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, அழிக்கத்தான் அனுப்புகிறோம். எத்தனையோ நல்ல இன்ஹேலர்களை அப்படிப் போட்டிருக்கிறேன்.

இனி உங்கள் காசு. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண், 2024 மே முதல் அதே கட்டணம். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் எல்லோருக்கும் இலவசம். 60 வயது தாண்டியதால் அம்மாவுக்கு இங்கேயும் இலவசம். ஆனால் தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுக்கிற நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள்? கட்டவே தேவையில்லை. சேர்ஜரியில் எஃப்.பி. 92 ஏ படிவம் கேட்டு, நிரப்பி, அவர்கள் கையெழுத்தோடு அனுப்பினால் விலக்குச் சான்றிதழ் வரும். ஐந்து வருடம் செல்லும். தைரொயிட் குளிசைக்கு மட்டும் இல்லை, அந்த ஐந்து வருடமும் சீட்டில் வருகிற எந்த மருந்துக்கும் காசில்லை. சுகருக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. பிரஷருக்கும் ஆஸ்துமாவுக்கும் இல்லை. சான்றிதழ் கைக்கு வரும் வரை காசு கட்டுங்கள், ஆனால் கட்டும் அதே நேரத்தில் எஃப்.பி. 57 என்ற பற்றுச்சீட்டைக் கேளுங்கள், பிறகு கேட்டால் தர ஏலாது. சான்றிதழ் விண்ணப்பம் கிடைத்த நாளுக்கு ஒரு மாதம் முந்தியே தொடங்கும், எனவே அந்தக் காசைத் திருப்பி எடுக்கலாம். சான்றிதழ் இல்லாமலே, இருக்கிறது என்று குறி போட்டுக் கையெழுத்து வைத்தால் 100 பவுண் வரை தண்டம். ஐந்து வருடம் முடிகிற திகதியை மறந்துதான் கனபேர் அதில் மாட்டுகிறார்கள். விலக்கு இல்லாத உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்களுக்கு வருடம் 114.50 பவுணுக்கு முன்கட்டணச் சான்றிதழ் இருக்கிறது. வருடத்தில் 12 மருந்து எடுத்தாலே இலாபம்.

யாழ்ப்பாணப் பயணம். விமானத்துக்கு நாலு கிழமை முன்பே சேர்ஜரிக்குப் போகிற திகதி, வருகிற திகதி இரண்டையும் எழுதிக் கொடுங்கள். வழக்கமான ஓடரில் குறி போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் "இரண்டு மாதத்துக்குத் தாருங்கள்" என்று கவுண்டரில் கேட்டால் பார்மசியால் ஒன்றும் செய்ய ஏலாது, சீட்டில் உள்ளதைத்தான் கொடுக்கலாம். சாதாரணமாக மூன்று மாதம் வரை கொடுப்பார்கள், அதற்கு மேல் வெளியில் நிற்பதென்றால் முழுக் காலத்துக்கும் என்.எச்.எஸ். கொடுக்காது. குளிசைகளை அம்மாவின் கைப்பையில் வைத்திருங்கள், லேபல் ஒட்டிய பெட்டியோடு, சீட்டுத் துண்டின் பிரதியோடு. இன்சுலின் போடுகிற யாரும் கூட வந்தால் அதைச் சரக்குப் பெட்டியில் போட விடாதீர்கள், மேலே உறைந்து பழுதாகிவிடக்கூடும். இரண்டு மாதத்துக்கு எண்ணும்போது திரும்பி வந்த பிறகு ஒரு கிழமைக்கும் சேர்த்து எண்ணுங்கள். வந்து இறங்கி, ஓடர் கொடுத்து, மருந்து கைக்கு வர அந்த ஒரு கிழமை வேண்டும்.